காலாப்பட்டுக் குடும்பச் செலவு: விலை, அளவு, எல்லை

கடையில் விலை கேட்காத ஆள் இல்லை; அளவு கேட்பவர் குறைவு. மாதச் செலவில் சில்லறை சில்லறையாகக் கழன்றுபோகும் பணத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் போகிறது. பிஸ்கட் பாக்கெட்டில் குறைந்த கிராம், ரீசார்ஜில் குறைந்த நாள், சிலிண்டரில் குறைந்த கிலோ, நகையில் கூடிய சேதாரம் என்று ஒவ்வொன்றிலும் விலை கண்ணுக்கு எதிரே நிற்கிறது, அளவு ஓரத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. காலாப்பட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அங்கே எந்தப் பொருளை எல்லைக்கு எந்தப் பக்கம் வாங்குவது என்பதும் ஒரு கணக்கு.

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஊர் இது. நகரிலிருந்து வருபவர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் தாண்டி, மறுபடியும் புதுச்சேரிக்குள் வர வேண்டும். வடக்கே கனகசெட்டிகுளம் கழிந்ததும் திரும்பவும் விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டதன் மிச்சம் அது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பிறகும் கோடு அப்படியே இருக்கிறது. மீனவக் குப்பங்கள், 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், பொறியியல் கல்வி நிறுவனம், சட்டக் கல்லூரி, தனியார் மருத்துவக் கல்லூரி, மத்தியச் சிறை என்று இந்தச் சின்னப் பகுதிக்குள் சம்பளக்காரர், தினக்கூலி, விடுதி மாணவர், நோயாளியோடு வந்து தங்குபவர் எல்லாரும் ஒரே கடைத்தெருவில் நிற்கிறார்கள்.

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபின் சோப்பு, எண்ணெய், துணி ஆகியவற்றுக்கு எல்லையின் இரு பக்கமும் ஒரே வரி. வேறுபாடு மிஞ்சியிருப்பது ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கும் பொருள்களில்தான்: பெட்ரோல், டீசல், மது. கூடவே மின்கட்டணமும் வாகன வரியும். 2021 நவம்பரில் புதுச்சேரி அரசு பெட்ரோல், டீசலுக்கான மதிப்புக்கூட்டு வரியை லிட்டருக்கு 7 ரூபாய் குறைத்தது. 2025 தொடக்கத்தில் அந்த வரி கொஞ்சம் ஏறியும், பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிட நான்கைந்து ரூபாய் குறைவாகவே இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்க ஊர்களிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போட வருவதற்குக் காரணம் இதுதான். ஆனால் எல்லாருக்கும் இது லாபமில்லை. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில், ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பங்குக்கென்றே வந்து திரும்பினால் 200 மி.லி. பெட்ரோல் எரிகிறது, ஏறக்குறைய 20 ரூபாய். நான்கு லிட்டர் போட்டு மிச்சம் பிடித்ததும் 16 முதல் 20 ரூபாய்தான். போகிற வழியில் போட்டுக்கொள்பவருக்கு லாபம், அதற்காகவே கிளம்புபவருக்குப் பொழுது நஷ்டம். மதுவில் இந்தக் கணக்கே போடக் கூடாது; அனுமதித்த அளவுக்கு மேல் எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம், வழியில் சோதனைச்சாவடியும் உண்டு. இந்த எல்லையால் பெரும் பணம் மிச்சம் பிடித்தவர்கள் வேறு ஆட்கள். புதுச்சேரியில் வாகன வரி குறைவு என்பதால், பொய் முகவரி கொடுத்து இங்கே சொகுசுக் கார்களைப் பதிவுசெய்த கேரளப் பிரமுகர்களின் விவகாரம் 2017இல் வெளிவந்து வழக்குவரை போனது.

பங்கில் அளவு குறைகிறதோ என்ற சந்தேகம் பழையது. 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது, விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இரண்டிலும் சாரம் இல்லை. கருவியில் கோளாறு வைத்திருந்தால் அது எந்தத் தொகைக்கும் வேலை செய்யும். நிலத்தடித் தொட்டியின் வெப்பநிலை காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறுவதில்லை. பலன் தரும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பங்கிலும் எடையளவுத் துறை முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மி.லி. வரை கூடவோ குறையவோ இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம். பின்னால் வரிசையில் ஹாரன் அடிக்கும்போது இதைக் கேட்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்பது வேறு விஷயம்.

சமையல் எரிவாயுவில் இந்தச் சோதனை வீட்டு வாசலிலேயே முடியும். வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய வாயு 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் மேல்வளையத்தை ஒட்டிய தகட்டில் எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் அது மாறும். 15.8 என்று இருந்தால் நிரம்பிய சிலிண்டர் 30 கிலோ நிற்க வேண்டும். கொண்டுவரும் ஊழியரிடம் தொங்கு தராசு இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கிலோ குறைந்தாலே 60 ரூபாய்க்கு மேல் போகிறது. அதே தகட்டில் ஏ முதல் டி வரை ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலாண்டை அது குறிக்கிறது. அந்தக் காலம் கடந்திருந்தால் சிலிண்டரைத் திருப்பி அனுப்பலாம். ரசீதுத் தொகையிலேயே வீட்டில் சேர்க்கும் செலவும் அடங்கியிருக்கிறது. மாடிக்குத் தூக்கி வந்தவருக்குத் தருவது அன்பளிப்பு, கட்டணம் அல்ல. கிடங்கிலிருந்து நேரில் எடுத்துக்கொள்பவருக்கு அந்தச் செலவு கழிய வேண்டும்; கேட்டால் மட்டுமே கழியும்.

பாக்கெட் பொருள்களில் நடக்கும் விளையாட்டு நுட்பமானது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலையை நிறுவனங்கள் மாற்றத் தயங்கும், ஏனென்றால் அந்த விலை சொல்லித்தான் பிள்ளைகள் கடைக்கு ஓடுகிறார்கள். கோதுமையும் பாமாயிலும் விலை ஏறும்போது பாக்கெட்டுக்குள் பிஸ்கட் குறைகிறது. முன்பு பிஸ்கட், தேயிலை, எண்ணெய், சோப்பு போன்றவற்றை இன்ன இன்ன அளவில்தான் அடைக்கலாம் என்று விதி இருந்தது. 2021இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாக ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்ற அலகு விலையைப் பாக்கெட்டில் அச்சிடச் சொன்னது. நுகர்வோருக்குக் கிடைத்த மிக நல்ல கருவி இது. ஆனால் காலாவதித் தேதிக்கும் பேட்ச் எண்ணுக்கும் பக்கத்தில், மடிப்பில் அழியும் மையில் அச்சாகிறது. எண்ணெய் வாங்கும்போதாவது இதைப் பார்ப்பது நல்லது. ஒரு லிட்டர் பை போலவே தோற்றம் தரும் பைகள் அதைவிடக் குறைந்த அளவோடு அலமாரியில் பக்கத்திலேயே நிற்கின்றன. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பையில் 800 கிராம் என்று மட்டும் போட்டிருந்தால் அது ஒரு லிட்டருக்கு எட்டில் ஒரு பங்கு குறைவு.

பெரிய பாக்கெட் வாங்கினால்தான் மலிவு என்பது பொதுவாகச் சரி, ஷாம்புவில் தலைகீழ். பல பிராண்டுகளில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேயில் ஒரு மி.லி.க்கு ஆகும் விலை பாட்டிலைவிடக் குறைவு. இந்த வியாபாரம் பிறந்ததே பக்கத்தில், கடலூரில். சின்னி கிருஷ்ணன் அங்கே சாஷேயைக் கொண்டுவந்தார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கி, காலி சாஷேக்களைக் கொடுத்தால் ஒன்று இலவசம் என்று கிராமம் கிராமமாகப் பிடித்தார். கூலிக்காரர் கையில் ஒரு நாளில் இருக்கும் காசுக்கேற்ற அளவு அது. ஏழைக்கு விற்பது எப்போதும் கிராக்கிதான் என்ற பொது நியாயத்துக்கு இது ஒரு விலக்கு. காலி சாஷேக்கள் கடற்கரையில் குப்பையாக ஒதுங்குவது வேறு கணக்கில் சேர்கிறது.

அரிசியில் வரியே சிப்பத்தின் அளவை மாற்றியது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயரிட்டு அடைத்த அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி. அடுத்த சில வாரங்களிலேயே ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கின. ஒரு கிலோ கூடினால் வரி இல்லை. உதிரியாக அளந்து தரும் அரிசிக்கும் வரி இல்லை. எனவே ஒரே ரக அரிசியை 25 கிலோ, 26 கிலோ, உதிரி என்று மூன்று விதமாக விற்கும் கடையில் கிலோ விலையைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவது வீண்செலவு.

அச்சிட்ட அதிகபட்ச விலை, அதாவது எம்ஆர்பி, எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் கேட்பது 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் தண்ணீர் பாட்டிலுக்கும் பால் பாக்கெட்டுக்கும் ‘கூலிங் சார்ஜ்’ என்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சேர்ப்பது கடைத்தெருவில் சகஜம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகிறவர்களுக்குத் தெரிந்த இன்னொரு இடம் மோட்டல். ஓட்டுநர் நிறுத்திய இடத்தில் இறங்கினால், பிஸ்கட்டும் தண்ணீரும் அவர்கள் சொன்ன விலை. பஸ் கிளம்பிவிடும் என்ற அவசரத்தில் சண்டை போட நேரமில்லை. வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துப் போவதைவிட இதற்கு நல்ல பரிகாரம் இல்லை. ஓட்டல் மேஜையில் பரிமாறும் தண்ணீர் பாட்டில் மட்டும் சட்டத்தின் கண்ணில் வேறு. அங்கே விற்கப்படுவது வெறும் பாட்டில் இல்லை, இடமும் சேவையும் சேர்ந்தது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஓட்டல் ரசீதில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்ற 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. சின்ன ஓட்டல்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஜிஎஸ்டியில் சிறு வணிகருக்கென்று இருக்கும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்த கடைக்காரர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. தான் அந்தத் திட்டத்தில் இருப்பதை ரசீதில் எழுத வேண்டும் என்பதும் விதி.

மீன் வாங்குவதில் சட்டமும் அச்சும் எட்டாத பழைய முறை இன்னும் இருக்கிறது. காலாப்பட்டுக் கரையில் ஃபைபர் படகு வந்து சேரும் காலையில் சின்ன மீன்கள் கூறு கட்டி விற்கப்படுகின்றன. கூறுக்கு எடை கிடையாது, கண் அளவுதான். மேலே பெரிதாக இரண்டு, அடியில் பொடி என்று அடுக்குவதும், வாங்குபவர் கூறைக் கலைத்துப் பார்ப்பதும், ‘இன்னும் ரெண்டு போடும்மா’ என்று கேட்பதும் சேர்ந்ததுதான் விலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளும் நகரச் சந்தையில் விலை ஏறும். தடை சிறு படகுகளுக்கு இல்லாததால் குப்பத்துக் கரையில் கொஞ்சம் மீன் வந்துகொண்டிருக்கும். வெயில் ஏற ஏறக் கூறின் விலை இறங்கும், மீனும் இறங்கும். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் தாமதமாகப் போய் லாபம் பார்க்கலாம்.

நாளை அளவாகக் கொண்ட செலவுகளில் கைப்பேசி ரீசார்ஜ் முதலிடம். மாதத் திட்டம் என்று வழங்குவது பலவும் 28 நாள். 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. ஆக, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை கட்டுவதாக நினைக்கும் குடும்பம் பதின்மூன்று முறை கட்டுகிறது. நான்கு கைப்பேசி இருக்கும் வீட்டில் நான்கு ரீசார்ஜ் தொகை கூடுதல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் தலையிட்டு, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்றது. 2024 டிசம்பரில், இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்றும் சொன்னது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது நேரடி மிச்சம். ஆனால் கடைக்காரரும் செயலியும் இந்தத் திட்டங்களைத் தாமாக முன்னால் எடுத்து வைப்பதில்லை, தேட வேண்டும்.

மின்கட்டணத்தில் எல்லை மறுபடியும் வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். புதுச்சேரியில் மாதாமாதம் பில். கட்டணத்தை கோவா மற்றும் யூனியன் பிரதேசங்களுக்கான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுவதால், குறைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் உச்சப் படியிலிருந்தே குறைகிறது. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளைக்கு 15 மணி நேரம் சுற்றும் ஒரு விசிறியை மாற்றினால் மாதம் 20 யூனிட் மிச்சம். விசிறிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் ஒன்றிரண்டு ஆண்டில் திரும்பிவிடும். கடலோர வீடுகளில் ஏசி வாங்குபவர் நட்சத்திரக் குறியீட்டோடு வெளிப்பெட்டியின் துருத்தடுப்புப் பூச்சையும் விசாரிக்க வேண்டும். உப்புக் காற்றில் கண்டென்சர் அரித்துப்போனால் ஐந்து நட்சத்திரம் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு பழுதுபார்ப்பில் போய்விடும்.

மருந்தில் விலை வித்தியாசம் மற்ற எதையும்விடப் பெரியது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் போன்ற, ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரைகளில் பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் இடையே பாதிக்கு மேல் வேறுபாடு வருவது அபூர்வமல்ல. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008இல் தொடங்கியவை. தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் போய் வருபவருக்கு அதுவும் ஒரு வழி. பிராண்டுப் பெயர் மட்டும் எழுதிய சீட்டோடு போனால் அங்கே சிக்கல். மருத்துவரிடமே மூலப்பெயரை எழுதித் தரக் கேட்டுக்கொள்வது நல்லது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 2013ஆம் ஆண்டு ஆணைப்படி உச்சவரம்பு விலை உண்டு. பட்டியலில் இல்லாதவற்றின் விலையை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது.

ரேஷன் விஷயத்தில் புதுச்சேரி நாட்டுக்கே சோதனைக் களமாக இருந்தது. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்த்து இங்கும் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் நிதி ஆயோக்குக்காக அதைக் கண்காணித்தார்கள். பணம் போய்ச் சேராமல் தவறியது மிகச் சொற்பம் என்று அரசுப் பதிவுகள் சொன்னபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மக்கள் பணம் வரவில்லை என்றார்கள். வந்ததா, எந்தக் கணக்கில் வந்தது என்பதே பலருக்குத் தெரியவில்லை. வங்கிக்குப் போய்வரும் செலவும் கூலி இழப்பும் தனி. புதுச்சேரி அரசின் இலவச அரிசியை அரிசியாகவே தருவதா, பணமாகத் தருவதா என்று துணைநிலை ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறி உயர் நீதிமன்றம்வரை போனது. ரேஷன் கடைகள் பூட்டியே கிடந்து, 2024 தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தன. தொகை ஓரிடத்தில் நிற்க அரிசி விலை மட்டும் ஏறினால், பையில் விழும் அரிசி குறையும். பத்து ரூபாய் பிஸ்கட்டில் நடப்பதேதான் இது.

இத்தனை சில்லறைச் சிக்கனத்தையும் ஒரே நாளில் விழுங்கக்கூடியது நகைக்கடை. எட்டு கிராம் சங்கிலிக்கு ஒரு கடையில் சேதாரம் 12 விழுக்காடு, இன்னொன்றில் 8. வித்தியாசம் 0.32 கிராம். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் 3,200 ரூபாய், அதற்கு மேல் 3 விழுக்காடு ஜிஎஸ்டி. பால் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் வீதம் மிச்சம் பிடித்து இந்தத் தொகையைச் சேர்க்க எட்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். சேதாரம் பேசிக் குறைக்கக்கூடியது. கேட்காதவருக்கு அச்சிட்ட விகிதம், கேட்பவருக்கு வேறு விகிதம். நகையைத் திருப்பி விற்கும்போது கொடுத்த சேதாரம் முழுதும் போய்விடும். தூய்மையைப் பொறுத்தவரை 2023 ஏப்ரல் முதல் ஆறிலக்க அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் கடையிலேயே சரிபார்க்கலாம். ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் வரியும்தான்.

இணையக் கடைகள் விலையையே ஒளித்து எல்லாரையும் மிஞ்சுகின்றன. கடைசிப் பக்கத்தில் மட்டும் முளைக்கும் கையாளுகைக் கட்டணம், கேட்காமலே கூடையில் விழும் காப்பீடு, ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்ற பொய் அவசரம் போன்ற 13 தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்தது. பல்கலைக்கழக விடுதி மாணவர்கள் இவற்றை நன்றாக அறிந்தவர்கள்; அறிந்தும் நள்ளிரவுப் பசியில் கட்டுகிறார்கள்.

ஏமாந்தபின் என்ன செய்வது என்பதற்குச் சட்டம் தெளிவாகவே வழி சொல்கிறது. 1986 டிசம்பர் 24இல் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதல் படி 1915 என்ற தேசிய உதவி எண். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. அடுத்தது மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கே போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய அவசியமும் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். புதிய சட்டத்தில் காலாப்பட்டுக்காரருக்கு மிகவும் பயன்படுவது இன்னொன்று. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், கோட்டக்குப்பத்திலோ சென்னையிலோ வாங்கிய பொருளுக்கும் புதுச்சேரி ஆணையத்திலேயே நியாயம் கேட்கலாம்.

சின்னத் தொகைக்கு வழக்கா என்று கேட்பவர்களுக்கு இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. சண்டிகரில் மூன்று ரூபாய் காகிதப் பைக்குக் காசு வாங்கிய காலணிக் கடைக்கு 2019இல் 9,000 ரூபாய் செலுத்த உத்தரவானது. முன்கூட்டிச் சொல்லாமல் பைக்கு விலை வைப்பது முறையற்ற வணிகம் என்று 2020இல் தேசிய ஆணையமும் சொன்னது. மதுராவில் ரயில் சீட்டுக்கு 20 ரூபாய் கூடுதலாக வாங்கியதை எதிர்த்து 1999இல் ஒரு வழக்கறிஞர் தொடுத்த வழக்கு 2022இல் வட்டியோடும் 15,000 ரூபாயோடும் வென்றது. இருபத்திரண்டு ஆண்டு அலையும் தெம்பு வழக்கறிஞருக்கு இருந்தது. மீன்கூடையோடு பஸ் ஏறுபவருக்கு ஒரு வாய்தாவே ஒரு நாள் கூலி. அதனால் ஆணையத்துக்குப் போவதற்கு முன், எழுத்தில் ஒரு புகாரும் 1915இல் ஒரு பதிவும் செய்துவைப்பதே பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகும் வழி.

எந்த வழிக்கும் ரசீது வேண்டும். புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் இன்றைய கடைகள் தரும் வெப்ப அச்சு ரசீது அதற்குள் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா என்று கல்லா முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு வந்தபின் முத்திரை கேட்டுத் திரும்பப் போனால் பஸ் செலவு தனி.